வீட்டில் தமிழ் எங்கே நடக்கிறது? சிங்கப்பூரில் புதிதாகச் சேரும் பாலர் பள்ளித் தமிழாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பாலர் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்கிறவர்களுக்குப் பாடத்திட்டம், கதை சொல்லும் முறை, வகுப்பை நடத்தும் விதம் எல்லாவற்றுக்கும் பயிற்சி கிடைத்துவிடுகிறது. ஆனால் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "வீட்டுல நாங்க என்ன செய்யணும் டீச்சர்?" என்று கேட்கும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கேட்டவுடனே ஒரு பயிற்சித்தாளை எடுத்து நீட்டத் தோன்றும். நீட்டாதீர்கள். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் உறுதியாக நம்புவது ஒன்று. பெற்றோருக்கு நாம் புதிய வேலை கொடுக்கக் கூடாது. அந்த வீட்டில் ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குள் தமிழை வைத்துக் கொடுக்க வேண்டும். குளிக்கவைப்பது, சாப்பாடு ஊட்டுவது, லிஃப்டுக்குக் காத்திருப்பது, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போவது என்று எதுவாகவும் இருக்கலாம். புதிய வேலை இரண்டு நாளில் நின்றுபோகும். குளியல் நிற்காது.

முதலில் வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் எல்லாருடைய வீட்டிலும் தமிழ் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்கினால் முதல் வாரத்திலேயே குழப்பம் வரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வசிக்கும், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறார்கள். தமிழை அதிகம் பேசுகிறவர்கள் 27.5 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன்பு, 2010-ல், இது 36.7 விழுக்காடாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது ஆகிய ஐந்தையும் இங்கே பள்ளியில் தாய்மொழிப் பாடமாக எடுக்க முடியும். மலையாளமும் தெலுங்கும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மலையாள, தெலுங்குக் குடும்பங்கள் பல தமிழைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே பள்ளி தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு சின்னப் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். படிவம் வேண்டாம். படிவத்தில் "வீட்டில் பேசும் மொழி: தமிழ்" என்று எழுதிவிடுவார்கள், அதில் நமக்கு ஒன்றும் தெரியவராது. நேரிலோ தொலைபேசியிலோ இயல்பாகக் கேளுங்கள். பிள்ளையை யார் கூட்டிவருகிறார்கள், யார் கூட்டிப்போகிறார்கள்? சாயங்காலம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள், பிள்ளை எந்த மொழியில் பதில் சொல்கிறது? தூங்கப் போகும் முன் என்ன நடக்கும்? வார இறுதியில் எங்கே போவீர்கள்? இவ்வளவு போதும்.

இந்தக் கேள்விகளில் மூன்றாவதுதான் முக்கியம். பாட்டி தமிழில் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இது இங்கே மிகச் சாதாரணம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும், வாயில்தான் இன்னும் வரவில்லை. பணிப்பெண்ணோடு சாயங்காலம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும் பிள்ளையின் நிலைமை வேறு. இரண்டு பேருக்கும் ஒரே ஆலோசனையைச் சொல்ல முடியாது.

நேரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுநாள் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். ஆறரைக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு, வீடு சேர்ந்து, குளிக்கவைத்து, சாப்பிடவைத்து, ஒன்பது மணிக்குத் தூங்கவைக்கிற பெற்றோருக்குப் பிள்ளையோடு கிடைப்பதே இரண்டரை மணி நேரம். அதில் "தினமும் அரை மணி நேரம் தமிழ் படிக்கவையுங்கள்" என்று நாம் சொன்னால், செய்ய முடியவில்லையே என்ற குற்ற உணர்வைத்தான் அவர்களுக்குக் கொடுக்கிறோம். அடுத்த முறை நம்மைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு நேரம்

இனி அந்த வீட்டுக்கு ஏற்ற ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. அதைப் பெற்றோரோடு பேசி, அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். "குளிக்கிற நேரம் மட்டும் தமிழ்னு வச்சிக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். குளியலறையில் தேவைப்படும் சொற்கள் கொஞ்சம்தான். கையை நீட்டு, கண்ணை மூடு, திரும்பி நில்லு, தண்ணி சூடா இருக்கா, துண்டு எங்க. ஒரு மாதம் தினமும் கேட்டால் பிள்ளைக்கு அவை பழகிவிடும். அப்புறம் அதே பிள்ளை பொம்மையைக் குளிப்பாட்டும்போது இதே சொற்கள் வாயில் வருவதை வகுப்பில் நீங்களே கேட்கலாம்.

அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு லிஃப்ட் ஒரு நல்ல இடம். நாம எந்த மாடி? இப்ப எந்த மாடியில இருக்கு? மேல வருதா, கீழ போவுதா? இன்னும் எத்தனை மாடி ஏறணும்? எண்ணுவது, மேலே கீழே, கூட்டிப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிக் கலைத்திட்ட வழிகாட்டியில் மொழி, எண்ணறிவு, உலகை அறிதல், உடல்நலமும் இயக்கத்திறனும், அழகியல், சமூக உணர்வு வளர்ச்சி என்று ஆறு கற்றல் துறைகள் உண்டு. அந்த வழிகாட்டி 2003-ல் முதலில் வந்தது, 2012-லும் 2022-லும் புதுப்பிக்கப்பட்டது. இந்த ஆறையும் பெற்றோரிடம் பட்டியலாக வாசிக்க வேண்டியதில்லை. லிஃப்டில் பேசுவது எந்தத் துறைக்குள் வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

தேக்காவுக்குப் போகிற குடும்பங்களுக்கு நான் சொல்வது இது. பிள்ளைக்கு ஒரே ஒரு பொருளை ஒதுக்குங்கள், அதைப் பிள்ளைதான் கேட்டு வாங்க வேண்டும். கொத்தமல்லி என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே, "இன்னிக்குக் கொத்தமல்லி நீதான் வாங்கணும். கடைக்கார அண்ணன்கிட்ட என்ன கேப்ப?" என்று கேட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்கவைக்க வேண்டும். கடைக்கு முன்னால் போய் நின்றதும் பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்போது அம்மா தானே கேட்டுவிடக் கூடாது. கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். "அண்ணே, கொத்தமல்லி ஒரு கட்டு" என்று மெல்லிய குரலில் வரும். கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், "எத்தனை கட்டும்மா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஒரு பதிலுக்காகவே இதைச் செய்யலாம். தமிழ் என்பது அம்மாவும் டீச்சரும் மட்டும் பேசுவது இல்லை, வெளியிலும் அதற்கு வேலை இருக்கிறது என்று பிள்ளை பார்க்கிறது.

தாத்தா பாட்டி இருக்கும் வீடு என்றால் அவர்களிடம் நேரடியாகவே பேசுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களில் அவர்கள் நிறையப் பேர். "பாட்டி, உங்களுக்குப் பல்லாங்குழி ஆடத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். பல்லாங்குழிக் கட்டை இல்லாவிட்டால் மலாய்க்காரர்களின் சொங்காக் பலகை போதும், ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். முட்டைப்பெட்டியைக் கூட வைத்து ஆடலாம். ஒவ்வொரு குழியிலும் ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே எண்ணுவது ஐந்து வயதுப் பிள்ளைக்கு அருமையான எண்ணறிவுப் பயிற்சி. வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் முத்துகளை வாயில் போடாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"என் தமிழ் அவ்வளவு நல்லா இருக்காது டீச்சர்"

இதைக் கேட்காத ஆசிரியரே இருக்க முடியாது. தங்கள் பேச்சு கொச்சை, அதைப் பிள்ளை கற்றுக்கொண்டால் பள்ளியில் மதிப்பெண் குறையும் என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. அதனால் அவர்கள் தமிழையே விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்தப் பயத்தைப் போக்குவது நம் கடமை, அதைத் தயங்காமல் செய்யுங்கள்.

அவர்களிடம் சொல்லுங்கள்: வீட்டில் நீங்கள் பேசுகிற மாதிரியே பேசுங்கள். "சாப்டியா, வா போலாம், அங்க பாரு" இதுதான் பிள்ளைக்கு வேண்டியது. சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் பேச்சுத் தமிழுக்கு இடம் இருக்கிறது. வகுப்பில் பேசுவதற்குத் தரமான பேச்சுத் தமிழையே ஊக்குவிக்கிறோம். எழுத்துத் தமிழ் புத்தகத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

இன்னொரு கேள்வியும் கூடவே வரும். இரண்டு மொழி கலந்தால் பிள்ளை குழம்பிப் போகாதா, பேச்சு தாமதமாகாதா? ஆகாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று. பிள்ளை "அம்மா, ஐ வாண்ட் தண்ணி" என்று சொன்னால் அது குழப்பம் இல்லை. கையில் இருக்கும் சொல்லை வைத்துச் சமாளிக்கிறது, அவ்வளவுதான். "தண்ணி வேணுமா? இந்தா தண்ணி" என்று அம்மா தமிழில் திருப்பிச் சொன்னால் போதும். "ஒழுங்கா தமிழ்ல சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புத்தகம் வீட்டுக்குப் போகும்போது

நிறைய பாலர் பள்ளிகளில் வாரம் ஒரு புத்தகத்தைப் பையில் போட்டு அனுப்புகிறோம். திங்கட்கிழமை அது திறக்காமலேயே திரும்பி வருவதும் உண்டு. காரணம் சோம்பல் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத பெற்றோருக்குப் பிள்ளை முன்னால் தடுமாற விருப்பமில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களோ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விறுவிறு என்று வாசித்து முடித்துவிடுகிறார்கள். பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து போய்விடுகிறது.

எனவே புத்தகத்தை அனுப்பும் முன் ஒரு தடவையாவது பெற்றோருக்குச் செய்து காட்டுங்கள். ஆண்டின் முதல் தவணையில் ஒரு மாலை, வகுப்பறையிலேயே, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு செய்தால் நல்லது. அமெரிக்காவில் உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய சகாக்களும் 1988-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரியவர் வாசிக்கப் பிள்ளை கேட்பது என்பதை மாற்றி, பெரியவர் கேட்கப் பிள்ளை கதை சொல்வது என்று வைத்தால், ஒரு மாதத்துக்குள்ளேயே பிள்ளையின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. செய்முறை எளிது. ஒன்றைக் கேட்க வேண்டும், பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், பிறகு பிள்ளையை ஒருமுறை சொல்லவைக்க வேண்டும்.

சந்தைப் படம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி மீன் வாங்குகிறார், கூடைக்குப் பின்னால் ஒரு பூனை.

"இங்க யாரு ஒளிஞ்சிருக்கா?"

"கேட்."

"ஆமா, பூனை! கறுப்புப் பூனை. அது எதைப் பாக்குது?"

"ஃபிஷ்… மீன்."

"மீனைப் பாக்குதா? ஐயோ, பாட்டியோட மீனைத் தூக்கிட்டு ஓடிடுமோ? எங்க, நீ சொல்லு. கறுப்புப் பூனை…"

"கறுப்புப் பூனை மீனைப் பாக்குது."

இதில் அம்மா ஒரு வரி கூட வாசிக்கவில்லை. "கேட் இல்ல, பூனைன்னு சொல்லு" என்று திருத்தவும் இல்லை. "ஆமா, பூனை" என்றதிலேயே திருத்தம் இருக்கிறது. பிள்ளை தானாகவே இரண்டாவது முறை "மீன்" என்று மாற்றிக்கொண்டதைக் கவனியுங்கள். பெற்றோருக்குச் செய்து காட்டும்போது இந்த இடத்தில் நிறுத்தி, இதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு புத்தகத்தில் நாலு பக்கம் இப்படிப் பேசினால் போதும், முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மறுநாளும் அதே புத்தகத்தைக் கேட்டால் கொடுக்கச் சொல்லுங்கள். "அதே கதையையே கேக்குறான் டீச்சர்" என்று பெற்றோர் சலித்துக்கொள்வார்கள். திரும்பக் கேட்கும்போதுதான் வாக்கியங்கள் பிள்ளையின் வாயில் ஏறுகின்றன.

தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம், படம் போதும். அவர்களுக்கு உதவியாக நான் பரிந்துரைப்பது, புத்தகத்தில் வரும் ஐந்தாறு சொற்களையும் கதையையும் உங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்பிவிடுவது. டீச்சரின் குரலை வீட்டில் கேட்பதில் பிள்ளைக்கும் ஒரு மகிழ்ச்சி.

திரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "தமிழ் கார்ட்டூன் போட்டா தமிழ் வந்துடுமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத் திரை பார்ப்பது நல்லது என்று சுகாதார அமைச்சு அறிவுறுத்துகிறது. அந்த நேரத்துக்குள் ஒரு தமிழ்க் காணொளி பார்த்தால் தவறில்லை, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்த்தால் நல்லது. தனியாகப் பார்த்தால் பிள்ளைக்குக் கேட்கும், பேச வராது.

செய்தி அனுப்புவது

வாட்ஸ்அப் குழுவோ, லிட்டில்லைவ்ஸ் போன்ற செயலியோ, பள்ளி எதைப் பயன்படுத்தச் சொல்கிறதோ அதில் மட்டும் அனுப்புங்கள். உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுப்பதற்கு முன் பள்ளியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். படங்கள் அனுப்பும்போது மற்றப் பிள்ளைகளின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-லிருந்து இருக்கிறது, எந்தப் பிள்ளையின் படத்தைப் பகிர ஒப்புதல் இல்லை என்ற பட்டியல் அலுவலகத்தில் இருக்கும்.

என்ன எழுதுவது என்பதுதான் இன்னும் முக்கியம். "இவ்வாரம் போக்குவரத்து என்ற கருப்பொருளில் நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன. வீட்டிலும் தொடர்ந்து ஊக்குவிக்கவும்" என்று எழுதினால் பெற்றோர் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்குச் செய்ய அதில் எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்று அட்டைப்பெட்டியில் பஸ் செய்தோம். உங்கள் மகள்தான் ஓட்டுநர். 'எல்லாரும் ஏறுங்க, கதவை மூடப் போறேன்' என்று சத்தமாகச் சொன்னாள். நாளை பஸ்ஸில் வரும்போது 'நம்ம பஸ் நம்பர் என்ன?' என்று தமிழில் கேட்டுப் பாருங்கள்." பிள்ளை என்ன சொன்னது என்பது ஒரு வரி, வீட்டில் கேட்க ஒரு கேள்வி. தமிழ் வாசிக்காத பெற்றோருக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் தினமும் இப்படி எழுத முடியாது. நாளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் என்று வரிசை வைத்துக்கொண்டால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். அமைதியாக இருக்கும் பிள்ளையைத்தான் நாம் மறப்போம், அந்தப் பெயரை வரிசையில் முதலில் போடுங்கள்.

பெற்றோர் சந்திப்பு

கிடைக்கிற பதினைந்து, இருபது நிமிடத்தில் அறிக்கையை வரி வரியாக வாசிக்காதீர்கள். அதை அவர்கள் வீட்டில் வாசித்துக்கொள்வார்கள். பிள்ளை வரைந்த ஒரு படத்தையோ, செய்த ஒரு பொருளையோ மேசையில் வைத்து, அதைச் செய்யும்போது பிள்ளை என்ன பேசியது என்று தொடங்குங்கள். அடுத்து, "வீட்டுல எப்படி? எதைப் பத்தி அதிகமாப் பேசுறாரு?" என்று கேட்டுவிட்டு, உண்மையிலேயே கேளுங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை வீட்டில் தமிழில் பாட்டியோடு சண்டை போடுகிறது என்பது இப்படித்தான் தெரியவரும்.

ஒப்பிட்டுப் பேசுகிற பெற்றோர் வருவார்கள். "என் அக்கா மகன் இந்த வயசுல பேரையே எழுதினான் டீச்சர்." அதற்கு எதிர்த்து வாதம் செய்ய வேண்டாம், அந்தக் கவலையைத் தள்ளவும் வேண்டாம். "எழுத்துல உங்களுக்கு அக்கறை இருக்குறது நல்லதுங்க. அவர் கையைப் பாருங்களேன், இந்த வட்டத்தை எவ்வளவு அழுத்தமாப் போட்டிருக்காரு. கைக்குப் பலம் வந்துக்கிட்டிருக்கு. அடுத்த ரெண்டு மாசத்துல நாம இதைச் செய்யலாம்" என்று பிள்ளை இப்போது இருக்கும் இடத்துக்குப் பேச்சைக் கொண்டுவாருங்கள். எழுந்து போகும்போது அவர்கள் கையில் ஒரே ஒரு காரியம் இருக்க வேண்டும். மூன்று சொன்னால் ஒன்றும் நடக்காது.

கட்டணம், வேலை, வீட்டுச் சூழல் பற்றிய சிரமங்களும் சில சமயம் பேச்சில் வரும். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களே தீர்வு சொல்ல முயலாதீர்கள். பாலர் பள்ளிக் கட்டண உதவித் திட்டங்கள், குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2016-ல் தொடங்கிய கிட்ஸ்டார்ட் போன்றவை இருக்கின்றன. பள்ளித் தலைவரிடம் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைப்பதே உங்கள் வேலை.

கவலைப்படும்படி ஏதாவது தெரிந்தால்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, மற்றப் பிள்ளைகளோடு சேராதது, நாலரை ஐந்து வயதிலும் எந்த மொழியிலும் வாக்கியமாகப் பேச வராதது என்று சில விஷயங்கள் நம் கண்ணில்தான் முதலில் படும். இதில் அவசரமும் கூடாது, தள்ளிப்போடுவதும் கூடாது.

பெற்றோரிடம் போவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் பார்த்ததைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஆங்கில ஆசிரியர் என்ன பார்க்கிறார் என்று கேளுங்கள், ஒரு மொழியில் மட்டும் வரும் தயக்கம் வேறு, இரண்டிலும் வருவது வேறு. பள்ளித் தலைவரிடமும், உங்கள் பள்ளியின் உள்ளடக்க ஒருங்கிணைப்பாளரிடமும் (வளர்ச்சியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிப்பவர், ஆங்கிலத்தில் Inclusion Coordinator) சொல்லுங்கள். 2023-ன் இரண்டாம் பாதியிலிருந்து ஒவ்வொரு பாலர் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும். அப்புறம் அவர்களோடு சேர்ந்தே பெற்றோரைச் சந்தியுங்கள்.

பேசும்போது நோயின் பெயர் எதையும் சொல்லாதீர்கள், அது மருத்துவர் சொல்ல வேண்டியது. "கதை நேரத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டா சில சமயம் திரும்புறதில்லைங்க. வீட்டுல எப்படி இருக்காரு?" என்று பார்த்ததை மட்டும் சொல்லிக் கேளுங்கள். அழுவார்கள், கோபப்படுவார்கள், "வீட்டுல நல்லாத்தான் இருக்கான்" என்று மறுப்பார்கள். எல்லாமே இயல்பு. நிதானமாக இருங்கள். அடுத்து எங்கே போவது என்று கேட்டால், பிள்ளையின் சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சிப் பரிசோதனைப் பக்கங்களை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகச் சொல்லலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். இந்த நேரத்தில் உறவினர் யாராவது "தமிழை விட்டுடுங்க, ஆங்கிலம் மட்டும் பேசுங்க" என்று அறிவுரை கொடுப்பார்கள். நிபுணர் ஒருவரிடம் கேட்காமல் அப்படிச் செய்ய வேண்டாம். பிள்ளையிடம் மனம்விட்டுப் பேச அம்மாவுக்கும் பாட்டிக்கும் இருக்கிற மொழியை எடுத்துவிட்டால், வீட்டில் பிள்ளை கேட்கும் பேச்சே குறைந்துபோகும்.

கே2-வின் (பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு) இரண்டாம் பாதி

ஜூன் விடுமுறை முடிந்ததும் பெற்றோரின் முகம் மாறிவிடும். தொடக்கநிலை ஒன்று வருகிறது. "247 எழுத்தும் தெரிஞ்சிருக்கணுமா டீச்சர்?" இல்லை. எழுத்துகளைத் தொடக்கப்பள்ளியில் கற்பிப்பார்கள். ஆசிரியர் தமிழில் சொல்வதைப் புரிந்துகொண்டு, தனக்கு வேண்டியதைத் தமிழில் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் பிடிபடும். பன்னிரண்டு உயிரெழுத்தையும் ஒப்பித்துவிட்டு, "உன் பையில என்ன இருக்கு?" என்று கேட்டால் விழிக்கிற பிள்ளைக்குத்தான் கஷ்டம். தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வரும் தேர்வுகள் 2019 முதல் இல்லை என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். நிறையப் பெற்றோருக்கு இது தெரியும், தெரிந்தும் பயப்படுகிறார்கள், ஆசிரியர் வாயால் கேட்டால் கொஞ்சம் ஆறுதல்.

எழுதுவதற்குக் கை தயாராக வேண்டும் என்றால், பென்சிலைத் திணிப்பதைவிட வீட்டில் சப்பாத்தி மாவு பிசையவிடலாம், பட்டாணி உரிக்கவிடலாம், முறுக்கு பிழியும்போது ஒரு கை பிடிக்கவிடலாம். தீபாவளி நெருங்கும் மாதங்களில் இதற்கெல்லாம் வீட்டில் இடம் இருக்கும். புள்ளி வைத்துக் கோலம் போடுவது இன்னும் நல்லது. வளைவும் சுழிவும் கைக்கு வந்துவிட்டால் "அ" எழுதுவதும் "இ" எழுதுவதும் அவ்வளவு பயமாக இருக்காது.

தமிழ் கற்பிக்காத தொடக்கப்பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று சில பெற்றோர் நம்மிடம் வந்து நிற்பார்கள். அத்தகைய பிள்ளைகள் வேறொரு நிலையத்தில் தமிழ் படிக்க வழி இருக்கிறது, புதிய பள்ளியின் அலுவலகத்தில் பதிவின்போதே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆண்டின் கடைசிச் சந்திப்பில் நூலகத்தைப் பற்றிப் பேசுங்கள். நவம்பர், டிசம்பர் விடுமுறை நீளமானது, தமிழ் காதில் விழாமலே ஓடிவிடும். தேசிய நூலக வாரியத்தின் உறுப்பியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், இரவல் வாங்கும் புத்தகத்தை மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம், வட்டார நூலகங்களில் சிறுவர் பகுதியில் தமிழ் அலமாரி தனியாக இருக்கும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது சிறு பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் வரும், அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னும் உறுப்பினராகாத பிள்ளை யாரென்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, சந்திப்புக்கு வரும்போதே பெற்றோரின் கைபேசியில் எப்படிப் பதிவது என்று காட்டிக்கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்பவர்களிடம், "இங்கயே முடிச்சிடலாங்க, ரெண்டு நிமிஷம்தான்" என்று சொல்லி உட்காரவையுங்கள்.